கேஸ்ட்ரைட்டிஸா, கிருமியா? வயிற்று டெஸ்ட்கள் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டு டவுன் ஒன்றில் எனக்கு லேப் வேலை. சாம்பிள் வாங்கும் ஜன்னலில் நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பின்னால் வரிசை நீண்டிருப்பதால் பாதிப் பதிலோடு அனுப்பிவிட வேண்டியிருக்கிறது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். மருந்து எழுதுவது டொக்டரின் வேலை, அதில் நான் தலையிடப் போவதில்லை. எந்த டெஸ்ட், எப்போது, எப்படி என்பதுதான் என் பக்கம்.

மேல்வயிறு எரிந்தால் அது கேஸ்ட்ரைட்டிஸ்தானே? டெஸ்ட் எதற்கு?

ஏப்பம் வந்தால் கேஸ்ட்ரைட்டிஸ், வயிறு உப்பினால் கேஸ்ட்ரைட்டிஸ், கொழுந்து மலையில் தலை சுற்றினாலும் அதுதான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது இரைப்பையின் உட்சுவர் அழற்சி. எண்டொஸ்கொப்பி செய்து (வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது), சின்னத் துணுக்கு ஒன்று எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். வெளியே தெரிகிற எரிவு, குமட்டல், பசி நேரத்து வலி எல்லாம் புண்ணாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும், அமிலம் மேலே ஏறுவதாலும் வரும், வலி மாத்திரையாலும் வரும், எந்தக் கோளாறும் கண்ணில் படாமலும் வரும். இவற்றுக்கு நடுவே ஒரு பக்டீரியாவும் இருக்கிறது. அது இருந்தால் மருந்தே வேறு. டெஸ்ட் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு நடுவில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கைக்கோ தாடைக்கோ ஓடுகிற வலி என்று வந்தால் அதைக் 'காஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மாரடைப்பை வாயுத்தொல்லை என்று விட்டுவிட்டு விடியும்வரை லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) படுத்திருந்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

அந்தப் பக்டீரியா எது?

ஹெலிகோபக்டர் பைலோரி. ரிப்போர்ட்டில் எச். பைலோரி என்று சுருக்கமாக இருக்கும். சுருள் உடம்பு, ஒரு முனையில் வால் போன்ற இழைகள். இரைப்பையில் ஊறுவது கடும் அமிலம், அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறது. அமோனியா அமிலத்தைத் தணிக்கிறது. தன்னைச் சுற்றி ஒரு சின்னப் பாதுகாப்பை உண்டாக்கிக்கொண்டு அது சளிப்படலத்துக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. கீழே சொல்லப்போகிற டெஸ்ட்களில் இரண்டு இந்த யூரியேஸை வைத்தே கிருமியைப் பிடிக்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து ரொபின் வாரன், பெரி மார்ஷல். லேப்காரர்களுக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்று உண்டு. கல்ச்சர் தட்டுகளை இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றும் முளைக்கவில்லை என்று எறிந்துகொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு வழக்கத்தை விட அதிக நாள் இன்கியூபேட்டரில் இருந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி அது. அப்போதும் யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் தானே அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும். எண்டொஸ்கொப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கொச்சிக்காயும் சாயத்தண்ணியும் நேரம் தவறிய சாப்பாடும்தான் புண்ணுக்குக் காரணம் என்கிறார்களே?

எரிவைக் கூட்டும். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டு: எச். பைலோரி, வலி மாத்திரை. விடிய ஒரு ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேத்தண்ணியும், அதற்குப் பிறகு கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பகல் சாப்பாடு என்று இருப்பவருக்கு வெறும் வயிற்றில் எரிவு தெரியத்தான் செய்யும். அதற்காக உறைப்பை நிறுத்தினால் கிருமி போய்விடாது. 'சம்பலையே விட்டுட்டேன், இன்னும் எரியுது' என்று வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

வலி மாத்திரையா? அது முதுகு வலிக்குத்தானே போடுகிறோம்?

நம் மக்களிடம் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க ஏற்றத்தில் நின்று கொழுந்து பறித்து, கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்தவருக்கு இரவில் மேல் வலி. டவுனுக்குப் போகிறவர் யாராவது ஒரு காகிதப் பையில் நாலைந்து மாத்திரை வாங்கி வருவார், பெயர் கூட எழுதியிருக்காது. பெரும்பாலும் அது டைக்குளோஃபெனக் அல்லது ஐபுபுரொஃபென். இந்த வகை மாத்திரைகள் இரைப்பையின் சுவரைக் காக்கும் சளியைக் குறைத்துவிடுகின்றன. அடிக்கடி போட்டால் வலியே தெரியாமல் புண் உண்டாகி, முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக வரலாம். அஸ்பிரினும் அப்படித்தான். கிருமியும் இருந்து மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

பரசிட்டமோல் சொன்ன அளவில் போட்டால் இந்தப் புண்ணை உண்டாக்காது. இருதயத்துக்காக டொக்டர் எழுதிய அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிறு எரிகிறது என்று கிளினிக்கில் சொல்லுங்கள்.

எனக்கு இந்தக் கிருமி எங்கிருந்து வந்திருக்கும்?

பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே. வாய் வழியாக, வாந்தி வழியாக, மலம் பட்ட கை வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. உலகத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று நெடுங்காலமாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுத்தெழும்பும் வீடு, ஒரு பீலியை (பொதுத் தண்ணீர்க் குழாயை) நம்பிய பல குடும்பம், பொதுக் கக்கூஸ் – இப்படியான இடங்களில் எளிதாகப் பரவும். உலகமெங்கும் நெருக்கடியான குடியிருப்புகளில்தான் இது கூடுதல். ஆகவே இது யாருடைய அசுத்தத்தின் அடையாளமும் இல்லை. 'உன்னால்தான் எனக்கு வந்தது' என்று வீட்டில் சண்டை போட்டுப் பயனில்லை. தொற்றி இருபது முப்பது வருடம் ஆகியிருக்கும்.

இருந்தால் கட்டாயம் நோய் வருமா?

இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் தெரியாது. ஆனால் டெஸ்டில் பொசிட்டிவ் வந்துவிட்டால் சிகிச்சை எடுப்பதே நல்லது என்பதுதான் இன்றைய வைத்திய வழிகாட்டல்களின் பொதுவான நிலை.

யார் டெஸ்ட் செய்ய வேண்டும்?

வாரக்கணக்கில் மேல்வயிற்று வலியோ எரிவோ உள்ளவர்கள், முன்பு புண் இருந்தவர்கள், நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்கள், நீண்ட காலம் அஸ்பிரினோ வலி மாத்திரையோ போட வேண்டியவர்கள், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள்.

சிலருக்கு மல டெஸ்ட், மூச்சு டெஸ்ட் என்று சுற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை, நேரே எண்டொஸ்கொப்பிதான். மலம் தார் போலக் கறுத்து ஒட்டும் தன்மையோடு போவது, ரத்தவாந்தி அல்லது கோப்பித்தூள் போன்ற வாந்தி, சாப்பாடு இறங்காமல் சிக்குவது, காரணமில்லாமல் மெலிவது, விடாத வாந்தி, 55–60 வயதுக்குப் பிறகு முதல் தடவையாக வருகிற வயிற்றுக் கோளாறு. இதில் முதல் இரண்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. ஒரு குறிப்பு: கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். அது தார் போல ஒட்டாது, நாற்றமும் வேறு. சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுங்கள்.

என்னென்ன டெஸ்ட் இருக்கிறது? எது நல்லது?

நான்கு. நல்லதிலிருந்து தொடங்குகிறேன்.

மூச்சு டெஸ்ட். வெறும் வயிற்றோடு போக வேண்டும். முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். பிறகு யூரியா கலந்த பானமோ வில்லையோ கொடுத்து, அரை மணி நேரம் வரை இருக்கச் சொல்லி இன்னொரு பையில் ஊத வைப்பார்கள். அந்த யூரியாவில் இருக்கும் காபன் அடையாளம் இட்ட காபன். இரைப்பையில் கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் யூரியாவை உடைக்கும், அடையாளம் இட்ட காபன் காபனீரொக்சைட்டாகி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வரும். கிருமி இல்லாவிட்டால் யூரியா உடையாமலே போய்விடும். காபன்-13 வகையில் கதிரியக்கம் இல்லை. காபன்-14 வகையில் மிகச் சொற்பம் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். இந்த டெஸ்டின் குறை, அதற்கான கருவி எல்லா இடத்திலும் இல்லாதது. பஸ் ஏறுவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல அன்டிஜன் டெஸ்ட். கிருமியின் துணுக்குகள் குடல் வழியாக மலத்தில் இறங்குகின்றன, அவற்றைத் தேடுவது இது. முறையாகச் செய்தால் மூச்சு டெஸ்டுக்குக் கிட்டத்தட்ட இணை. ஊசி இல்லை, பட்டினி இல்லை, சாம்பிளை அனுப்பி வைத்தால் போதும். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒன்று மட்டும்: சாதாரண மலப் பரிசோதனை இது அல்ல. அதில் புழு முட்டை, அமீபா, ரத்தம், சீழ் பார்ப்போம், எச். பைலோரி தெரியாது. டொக்டரின் துண்டில் அன்டிஜன் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்டொஸ்கொப்பியில் துணுக்கு எடுப்பது. இதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ரத்த டெஸ்ட். நான்கில் கடைசி. ஏன் என்று அடுத்த கேள்வியில்.

ரத்த டெஸ்டில் பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கிருமி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. அந்த டெஸ்ட் தேடுவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்க்க உங்கள் உடம்பு செய்த அன்டிபொடியை. கிருமி ஒழிந்த பிறகும் அன்டிபொடி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் மருந்து குடித்துக் குணமானவருக்கும் பொசிட்டிவ் வரலாம். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இது சுத்தமாக உதவாது. ஒரு சொட்டு ரத்தத்தில் பத்து நிமிடத்தில் முடிவு வருவதால் பல இடங்களில் இதைச் செய்கிறார்கள், ஆட்களும் விரும்புகிறார்கள். இதை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதை விட மல அன்டிஜன் ஒன்று செய்து உறுதிப்படுத்துவதே முறை. கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ரத்த டெஸ்டுக்குக் கொடுக்காமல் அதையும் சேர்த்து வைத்து மல டெஸ்டுக்கே கொடுங்கள் என்பேன்.

டெஸ்டுக்கு வருவதற்கு முன் ஏதாவது நிறுத்த வேண்டுமா?

ஆம். இதைத்தான் ஜன்னலில் யாரும் கேட்பதில்லை.

ஒமிப்ரசோல், பன்டொப்ரசோல், எசோமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருந்தால் கிருமியின் எண்ணிக்கை குறைந்து ஒதுங்கிவிடும். சாகாது. அந்த நேரத்தில் மூச்சு டெஸ்ட், மல டெஸ்ட், எண்டொஸ்கொப்பித் துணுக்கில் செய்யும் யூரியேஸ் டெஸ்ட் மூன்றுமே 'நெகட்டிவ்' என்று பொய் சொல்லலாம். ஆகவே இந்த மாத்திரைகளை 2 வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அன்டிபயோடிக்கும் பிஸ்மத் கலந்த மருந்தும் 4 வாரம். அந்த இரண்டு வாரமும் எரிவைத் தாங்க முடியாவிட்டால் வெள்ளைத் திரவ அன்டாசிட் மருந்தை இடைக்கிடை எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ரத்தக் கசிவு இருந்தவர், அஸ்பிரினோடு பாதுகாப்புக்காக ஒமிப்ரசோல் போடுபவர் தாமாக நிறுத்தவே கூடாது.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், வயிறு எரிந்ததும் பாமசியில் ஒமிப்ரசோல் ஒரு கார்ட் வாங்கிப் போடுகிறார்கள். கொஞ்சம் சுகம். முடிந்ததும் இன்னொரு கார்ட். அப்படியே மாதங்கள் போய், ஒரு நாள் மாத்திரை போட்ட கையோடு டெஸ்டுக்கு வருகிறார்கள். நெகட்டிவ். கிருமி இல்லை என்று நிம்மதியாகப் போகிறார்கள். கிருமி உள்ளேயே இருக்கிறது. டெஸ்ட் முதலில், கார்ட் பிறகு என்று வரிசையை மாற்றினாலே இதில் பாதி தீர்ந்துவிடும்.

'என்ன மருந்து போடுறீங்க அக்கா?' என்று கேட்டால் 'மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, காஸுக்குப் போடுறது மட்டும்தான்' என்று பதில் வரும். அந்தக் காஸுக்குப் போடுவதைத்தான் கேட்கிறோம்.

மல சாம்பிளை எப்படி எடுப்பது? வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்கு அது இன்னொரு சாம்பிள், அவ்வளவுதான். வெட்கத்தில் சரியாக எடுக்காமல் வந்து மறுபடி அலைவதுதான் கஷ்டம்.

மூடி இறுக்கமான சின்னப் பிளாஸ்டிக் குப்பி லேப்பிலேயே கிடைக்கும், பல குப்பிகளில் மூடியோடு ஒரு கரண்டியும் ஒட்டியிருக்கும். முதல் நாளே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு டப்பா, தைலப் போத்தல், ஐஸ்கிரீம் கப் எல்லாம் இந்த ஜன்னலுக்கு வந்திருக்கின்றன. தீப்பெட்டி காலம் மலையேறிவிட்டது என்று நினைத்திருந்தேன், அதுவும் எப்போதாவது வருகிறது. சுண்ணாம்பும் தைலமும் சாம்பிளைக் கெடுத்துவிடும்.

முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள், சாம்பிளில் சிறுநீர் கலக்கக் கூடாது. குந்து கக்கூஸில் ஒரு பழைய பத்திரிகையையோ சுத்தமான பொலித்தீனையோ விரித்து அதன் மேல் இருங்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் கரண்டியால் ஒரு பாக்கு அளவு எடுத்துக் குப்பியில் போட்டு மூடுங்கள். குப்பி நிறையத் தேவையில்லை; நிரப்பி மூடினால் பஸ்ஸிலேயே மூடி எகிறிவிடும். பெயர், திகதி, எடுத்த நேரம் எழுதுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தண்ணீராகப் போகிற நாளில் எடுத்தால் முடிவு துல்லியமாக இருக்காது, வயிறு அடங்கிய பிறகு எடுங்கள். விடியக் காலை எடுத்து அன்றைக்கே கொண்டு வந்தால் பிரச்சினையே இல்லை. அன்று வர முடியாவிட்டால் 2 முதல் 8 பாகை வரை குளிர் உள்ள பிரிட்ஜில் வைக்கலாம். எத்தனை மணி நேரம் என்பது நாங்கள் பாவிக்கும் டெஸ்ட் கிட்டைப் பொறுத்து மாறும், எங்களிடம் கேளுங்கள். 'நம்ம ஊர்க் குளிருக்கு வெளியே வெச்சாலே போதும்' என்று ஒரு ஐயா வாதாடினார். லிந்துலைக் குளிரும் பிரிட்ஜ் குளிர் அல்ல.

எண்டொஸ்கொப்பி என்றால் பயமாக இருக்கிறது. குழாய் விழுங்குவதா?

சுண்டு விரல் பருமனுள்ள, வளையக்கூடிய குழாய். நுனியில் கமரா. தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்பார்கள். சிலருக்கு அரைத் தூக்கத்துக்கு ஊசி போடுவார்கள், போட்டால் அன்று துணைக்கு ஆள் வேண்டும். முதல் நாள் இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது, குழாய் போவது உணவுப் பாதையில். துணுக்கு எடுப்பது வலிக்காது.

எடுத்த துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அமோனியா உண்டாகி ஜெல் இளஞ்சிவப்பாகும். சிலருடையது நிமிடங்களில் மாறிவிடும், சிலருடையது மணிக்கணக்கில் எடுக்கும். இன்னொரு துணுக்கு மைக்ரோஸ்கோப்புக்குப் போகும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எண்டொஸ்கொப்பி இலவசம், ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. கண்டி, பேராதனை, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதத்தோடு அனுப்புவார்கள். திகதி கிடைக்கத் தாமதமாகலாம். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், வரிசையில் முன்னுக்கு வரும்.

பொசிட்டிவ். இனி?

பெரும்பாலும் 14 நாள் மருந்து. ஒரு அமிலக் குறைப்பு மாத்திரை, கூடவே இரண்டு அன்டிபயோடிக்: கிளரித்ரோமைசின், அமொக்சிசிலின், மெட்ரொனிடசோல் போன்றவற்றிலிருந்து. சிலருக்குப் பிஸ்மத்தும் சேர்த்து நான்கு மருந்து. எது என்று டொக்டர் முடிவு செய்வார். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை இரண்டு: பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா, இதற்கு முன் என்னென்ன அன்டிபயோடிக் குடித்திருக்கிறீர்கள். தடிமன் இருமலுக்கென்று அசித்ரோமைசின் வாங்கிப் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதே குடும்பத்து மருந்துதான் கிளரித்ரோமைசின், கிருமி ஏற்கெனவே அதற்குப் பழகியிருக்கலாம்.

வாயில் உலோகக் கசப்பு, வயிறு இளகுவது, குமட்டல் எல்லாம் வரலாம். பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், அது பயப்பட வேண்டியதில்லை. மெட்ரொனிடசோல் குடிக்கும் நாட்களிலும் முடிந்து மூன்று நாள் வரையும் சாராயம், கசிப்பு, பியர் ஒன்றும் கூடாது. வாந்தியும் படபடப்புமாகப் போட்டுப் புரட்டிவிடும். சம்பள நாள், திருவிழா எல்லாம் பார்த்து மருந்தைத் தொடங்குங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு, சொல்வது உண்மையாகத்தான்.

ஐந்தாம் ஆறாம் நாள் எரிவு போய்விடும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். பாதியில் நிறுத்தினால் மிஞ்சுகிற கிருமி அந்த மருந்துக்கு அசையாது. அடுத்த தடவை வேறு மருந்து, பெரும்பாலும் விலை கூடியது.

மருந்து முடிந்து சுகமாகிவிட்டது. மறுபடியும் டெஸ்ட் செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். சுகமாக இருப்பதும் கிருமி போனதும் ஒன்றல்ல. அன்டிபயோடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அதற்குள் ஒமிப்ரசோல் வகையை 2 வாரமாவது நிறுத்தியிருந்து, மூச்சு டெஸ்ட் அல்லது மல அன்டிஜன். ரத்த டெஸ்ட் வேண்டாம். முதல் டெஸ்டுக்கு வருபவர்களில் கொஞ்சப் பேர்தான் இந்த இரண்டாவதுக்குத் திரும்பி வருகிறார்கள். ஒரு நாள் பேர் (அன்றைய கூலி) போய்விடும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. சாம்பிளை டவுனுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பினாலும் போதும், நீங்களே வர வேண்டும் என்றில்லை.

எனக்கு இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிடலாமா? பிள்ளைக்கும் வயிற்று வலி வருகிறது.

உங்கள் மருந்தை யாருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்குத் தொல்லை இருந்தால் அவர்களுக்கும் டெஸ்ட் செய்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளின் தொப்புளைச் சுற்றிய வலிக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமி காரணம் இல்லை. மலச்சிக்கல், புழு, பள்ளிக்கூடப் பயம் இவைதான் முன்னுக்கு நிற்கும். பிள்ளை டொக்டர் கேட்டால் மட்டும் டெஸ்ட்.

இது கேன்சராக மாறுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. கேட்கப் பயங்கரமாக இருக்கும். கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து, இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. கிருமியை ஒழித்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. உப்பிட்ட உணவும் புகையும் அதைக் கூட்டும்.

எனக்கு வயிறு எரியவில்லை, ரத்தம் குறைவு என்றார்கள். இந்த டெஸ்டை ஏன் எழுதியிருக்கிறார்கள்?

தோட்டத்துப் பெண்களுக்கு ரத்தசோகை என்றால் எல்லாரும் சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்கள். சாப்பாடும் ஒரு காரணம். மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலோடு நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு இவையும் சேரும். இவை ஒன்றும் இல்லாமல், இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் எச். பைலோரியைத் தேடுகிறார்கள். இரைப்பையில் அழற்சி இருந்தால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது, சின்னக் கசிவும் இருக்கலாம். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதும் ஒரு காரணம் என்று சொல்லிவைக்கிறேன், தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வயிற்றோட்டமும் காய்ச்சலும் இருக்கிறது. அதற்கும் இந்த டெஸ்ட்தானா?

இல்லை, அது வேறு கூட்டம். எச். பைலோரி வயிற்றோட்டம் உண்டாக்காது.

ரத்தமும் சீதமுமாகப் போனால் ஷிகெல்லா போன்ற கிருமியாக இருக்கலாம். அதற்கு மலக் கல்ச்சர், அன்டிபயோடிக் தொடங்குவதற்கு முன் எடுத்த சாம்பிளில். அது இரண்டு மணி நேரத்துக்குள் லேப்புக்கு வர வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள ஊடகக் குழாயில் போட்டு அனுப்ப வேண்டும். அமீபா பார்க்க இன்னும் சூடாக, ஒரு மணி நேரத்துக்குள். மஸ்கெலியா மேல் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வரும் சாம்பிளில் அமீபா தேடுவது வீண் வேலை. ஆளே வந்து ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதான் சரி.

நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல், தலையிடி, வயிற்று வலி, சிலருக்கு மலச்சிக்கல் கூட – அது நெருப்புக்காய்ச்சலாக (டைபொயிட்) இருக்கலாம். உறுதி செய்வது ரத்தக் கல்ச்சர், முதல் வாரத்தில், அன்டிபயோடிக்குக்கு முன். இதற்கான அன்டிபொடியை ரத்தத்தில் தேடும் விடால் டெஸ்ட் பல இடங்களில் செய்யப்படுகிறது, ஆனால் அதை ஒரு தடவை செய்து மட்டும் முடிவெடுப்பது நம்பகமல்ல.

சீதபேதி, நெருப்புக்காய்ச்சல், உணவு நஞ்சாதல் மூன்றும் நம் நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய்கள். டொக்டர் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவிப்பார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்து தண்ணீரையும் கக்கூஸையும் பார்ப்பார். அவர் வருவது குற்றம் பிடிக்க அல்ல. தண்ணீர்ப் பிரச்சினையை எழுத்தில் பதிய வைக்கக் கிடைக்கிற நல்ல நேரம் அது, விட்டுவிடாதீர்கள்.

வயிற்றோட்டத்துக்கு டொக்டரிடம் போகும்வரை ஜீவனி, அதாவது உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள். ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதும் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூளை எடுத்துக் கரைப்பது தவறு. பிள்ளை சோர்ந்து, கண் உள்ளே போய், சிறுநீர் வராமல் இருந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

நுவரெலியாவில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாமே, அப்படியென்றால் கிருமி சாகாதா?

நல்ல கேள்வி, ஒரு உயர்தர மாணவி கேட்டது. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அதுவும் போதும், வயிற்றுக் கிருமிகள் அதற்கு முன்பே செத்துவிடும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரைப் பீலியில் கழுவிய ஈரப் போத்தலில் ஊற்றுவதுதான் உண்மையான தொல்லை.

இஞ்சி, சீரகத் தண்ணீர், தேன், வெள்ளைப்பூண்டு?

குடியுங்கள். எரிவுக்கு இதமாக இருந்தால் நல்லதுதான். இவை எதுவும் எச். பைலோரியை ஒழித்ததாகச் சொல்ல முடியாது.

கர்ப்பமாக இருக்கிறேன்.

மல டெஸ்ட் செய்யலாம், ஒரு தீங்கும் இல்லை. மருந்தை அநேகமாகப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளி வைப்பார்கள். ரத்தவாந்தி போன்ற அவசரம் என்றால் கதை வேறு.

ரிப்போர்ட்டை டொக்டர் பார்த்துவிட்டார். எறிந்துவிடலாமா?

வேண்டாம். கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். கூடவே மருந்துத் துண்டையும். எந்த அன்டிபயோடிக் எத்தனை நாள் குடித்தீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. முதல் மருந்து வேலை செய்யாவிட்டால் இரண்டாவது டொக்டர் அதைப் பார்த்துத்தான் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார். துண்டு ஈரமாகிப் பிய்ந்துவிடும் என்றால் பிள்ளைகளின் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மருந்தின் பெயரும் திகதியும் தெரிகிற மாதிரி.